பூசணி மகாராஜாவின் மஞ்சள் சட்டை

ஆகஸ்ட் 3, சனி

காலை ஏழு இருபதுக்கு மதுரையிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. அந்த நொடியில் பாளையங்கோட்டைக் காக்கைகள் கரைவதை நிறுத்தின, ரயில்கள் நின்ற இடத்தில் நின்றன, பக்கத்து வீட்டு மிக்ஸி மூச்சை அடக்கிக்கொண்டது. மிக்ஸி மட்டும் உண்மை. கரண்ட் போய்விட்டது.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் யூரியா விளம்பரம். இதுவரை இதில் மூட்டுவலியும் தண்ணீர் மோட்டாரும்தான் இடம் பிடித்திருந்தன. இன்று முதல் இது சரித்திரம்.

பேசியவர் கிளிக்கூண்டு பிரசுரத்தின் இன்றைய முதலாளி, அதைத் தொடங்கியவரின் பேத்தி எழிலரசி.

"ஆவுடையப்பன் சார்தானே? உங்க பூசணி மகாராஜா ஒரிஜினல்ஸ் கிடைச்சிருக்கு சார். பழைய அச்சகத்தை இடிக்கிறோம்ல, பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே உங்க வாட்டர்கலர் படங்கள். அப்படியே இருக்கு."

'பூசணி மகாராஜா' தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? தோட்டத்தில் காய்த்த பூசணியைச் சமைக்க மனசு வராமல், அதைச் சிம்மாசனத்தில் ஏற்றிவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்து நாடாண்ட குண்டு ராஜாவின் கதை. 1968இல் வந்தது. இன்றுவரை அச்சில் இருக்கிறது. சிவப்புச் சட்டை போட்ட அந்த ராஜாவைப் பார்த்து மூன்று தலைமுறை சோறு உண்டிருக்கிறது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'படங்கள்: ச. ஆவுடையப்பன்' என்று இருக்கும். அடியேன்தான்.

மாடியிலிருந்து இறங்கிச் செய்தியை அரசாணை போல வாசித்தேன். கீழ் வீட்டில் என் அக்கா ஆவுடையம்மாளும் அவள் மகள் வடிவும் இருக்கிறார்கள். எங்கள் அப்பா சங்கரன்கோவில் ஆவுடையம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற இரண்டு பிள்ளைக்கும் அந்த ஒரே பெயரை வைத்துவிட்டார். "ஆவுடை" என்று தெருவில் யாராவது கூப்பிட்டால் இரண்டு தலை திரும்பும்.

வடிவு, "மாமா, பேப்பர்ல போட்டோ வரும், அந்தக் கிழிஞ்ச பனியனை மாத்துங்க" என்றாள்.

அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பதினாறும் இருக்காமா?" என்று கேட்டாள்.

புத்தகத்தில் இருப்பது பதினான்கு படம். வயதாகிவிட்டது அவளுக்கு.

ஆகஸ்ட் 5, திங்கள்

மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. காற்றுத்தான் வருகிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் மொத்தக் காற்றையும் எங்கள் மோட்டார் இழுத்துவிட்டது.

பழைய மாணவர் சங்கத் தலைவர் செண்பகராமன் வந்தான். செப்டம்பர் 1 ஞாயிறு எங்கள் பள்ளி மண்டபத்தில் புதிய பதிப்பின் வெளியீட்டு விழாவாம். எனக்கு ஆளுயர மாலையாம். என் உயரம் தெரியாமல் சொல்கிறான். ஐந்தடி மாலை போதும்.

"சார், உங்ககிட்ட படிச்ச நாங்க எல்லாம் மாம்பழம் போட்டே முன்னுக்கு வந்தவங்க."

உண்மை. முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். பூசணி மகாராஜாவை மேனேஜர் ஐயா மேசையில் வைத்தேன், வேலையை எடுத்துக் கையில் கொடுத்தார். கரும்பலகையில் நான் போட்ட மாம்பழங்களை அடுக்கினால் சேலத்துக்குச் சுவர் கட்டலாம். மாம்பழ சார் என்று பெயர். பூனை, யானை, மனிதர் எல்லாம் ஏன் போடுவதில்லை என்று ஒரு பயல் கேட்டான். அடிப்படை ஆழமாக இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதுரைக்குப் போய் வந்தேன்.

எழிலரசி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாக எடுத்து வைத்தார். பதினாறு. அச்சேறாத இரண்டும் பெட்டியில் இருந்தன.

ராஜா குளிக்கிற படம். ராஜா பூசணிக்கு விசிறுகிற படம். மந்திரிகள் பூசணிக்கு முன்னால் விழுந்து கும்பிடுகிற படம். மூலையில் சின்னதாக 'ச. ஆவுடை'. அச்சில் பார்த்ததெல்லாம் இதன் நிழல் என்று தோன்றியது. பூசணியின் தோலில் விரல் வைத்தால் சாம்பல் ஒட்டும் போலிருந்தது.

"ஒரு சந்தேகம் சார். அச்சுல ராஜா சட்டை சிவப்பு. ஒரிஜினல்ல மஞ்சளா இருக்கே?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். துடைத்தேன். போட்டேன்.

"அது சூரியோதய ஒளி" என்றேன். "அச்சுக்காரருக்கு அந்த நுட்பம் எட்டவில்லை."

"என்ன பிரஷ் சார்?"

"அணில் வால் முடி. நானே பிடித்தது." ஏழு அணில் என்று ஆரம்பித்து, விடைபெறும்போது பதினொன்று ஆகிவிட்டது.

எழிலரசிக்கு முகம் தெளியவில்லை. படங்களைப் பார்த்த ஒரு நிபுணர், சட்டை நிறம் மாறியிருப்பதால் இவை வேறு யாரோ பார்த்துப் போட்ட நகலாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். "அதனால நீங்க ஒரு கடிதம் தரணும் சார். 'இவை என் கையால் வரைந்தவை'ன்னு ஒரு வரி. இருபதாம் தேதிக்குள்ள. அதைத் தனித் தாளா அடிச்சு புத்தகத்துல செருகுறோம். இதோ, உங்க கையெழுத்துக்கு அத்தாட்சி கூட இருக்கு."

அதே பெட்டியில் கிடந்த ஒரு தபால் கார்டை நீட்டினார். 1968. நீல மசி. நாலு வரி. என் கையெழுத்து.

தாகம் எடுத்தது. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். மதுரைத் தண்ணீர் நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

போனில் எடுத்து வந்த படங்களை வடிவு பெரிதாக்கிப் பெரிதாக்கி அக்காவுக்குக் காட்டினாள். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கப் பார்த்தாள். பதினாறு படத்துக்கும் முக்கால் மணி நேரம். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் சொன்னாள்: "மஞ்சளாயிட்டு. அன்னைக்கே சுண்ணாம்பு பத்தல."

வடிவின் விரல் திரையில் அப்படியே நின்றது.

மோட்டார்காரருக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வடிவு காபியோடு மாடிக்கு வந்தாள். கலெக்டர் ஆபீசில் இருபது வருஷம் மனு வாங்குகிறவள். அந்த முகத்தோடு எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு பூனை போட்டுக் காட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மாத்தான். பிரசுரக்காரங்க கேட்டா அணில் கதையெல்லாம் சொல்லுதீங்க. நான் ஒரு பூனை கேக்கக் கூடாதா?"

பேனாவை எடுத்தேன். இரண்டு காது, மீசை எல்லாம் போட்டேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாம்பழத்துக்கு மீசை நல்லாத்தான் இருக்கு" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "எங்கம்மா இதைப் பத்தி ஒரு தடவை கூட எங்கிட்ட வாயைத் திறந்ததில்ல மாமா. நாப்பத்தஞ்சு வருசமா அவ வயித்துப் பிள்ளை நான்."

மரியாதை கெட்ட காலம். காபியில் சர்க்கரையும் இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

மோட்டார்காரர் வரவில்லை. கடிதமும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

தேசம் விடுதலை பெற்ற நாள். கடிதத்தை எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று காவியம். ஒன்று கல்வெட்டு. எல்லாவற்றிலும் 'இவை' சரியாக வருகிறது, 'வரைந்தவை' சரியாக வருகிறது. நடுவில் உள்ள இரண்டு வார்த்தையில் பேனா தடுக்குகிறது. பேனா பழுது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பேனா பழுதில்லை.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியைப் படிக்கப் போவது யூரியாக்காரர்தானே.

கிளிக்கூண்டு பிரசுரம் ஒரு சிறுவர் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டிருந்தது: பூசணி மகாராஜா கதைக்குப் படம் போட்டு அனுப்புங்கள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்குப் பதினாறு. நாற்பது நாள் அவள் போட்டாள். எங்கள் வீட்டு வண்ணப்பெட்டியில் சிவப்பு தீர்ந்துபோயிருந்தது. அடுக்களையில் மஞ்சளைக் குழைத்துச் சுண்ணாம்பு சேர்த்தாள். ஆரத்திக்குக் கரைக்கிறோமே, அந்தச் சிவப்பு. பதினாறு படத்துக்கும் அந்தச் சட்டைதான். வருஷம் போகப் போகச் சுண்ணாம்பின் காரம் போய்விட்டால் அந்தச் சிவப்பு மஞ்சளுக்கே திரும்பிவிடும்.

பிரசுரத்திலிருந்து பதில் வந்த நாளில் அவளும் அம்மாவும் ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போயிருந்தார்கள். தபால்காரர் என் கையில் கொடுத்தார். படங்கள் ஏற்கப்பட்டன, 'ச. ஆவுடை' என்று மட்டும் இருக்கிறது, அச்சிட முழுப்பெயர் தெரிவிக்கவும் என்று இருந்தது. அலமாரியில் ஒரு வெற்றுக் கார்டு கிடந்தது. அதில் முழுப்பெயர் எழுதினேன். என்னுடையதை.

அவள் ஊரிலிருந்து வந்ததும் படம் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னேன். புத்தகம் வந்த அன்று முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். 'அவங்களா பேரைத் தப்பா விரிச்சுப் போட்டுட்டாங்க போல' என்றேன். 'எழுத்து நல்லா விழுந்திருக்கு' என்றாள். போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். தை மாதம் கல்யாணமாகி அம்பாசமுத்திரம் போனாள். அதன்பின் அவள் கையில் தூரிகையை நான் பார்க்கவில்லை.

இந்தப் பக்கத்தின் அடியிலும் யூரியா விளம்பரம்தான். 'வேர் வரை இறங்கும்' என்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலை பத்து மணி. வடிவு ஆபீஸ் போயிருந்தாள். அக்கா புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். நான் இதுவரை கண்ட எல்லா யுத்தத்திலும், பனிப்போர் உட்பட, இதுவே பெரிது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அறுபத்தெட்டுல பேரைத் தப்பாப் போட்டது அவங்க இல்ல."

"ம்."

"கார்டு எழுதினது நான்."

அக்கா ஒரு கொட்டையைத் தட்டி எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"தெரியும்ல. அலமாரில ஒரு கார்டு இருந்துச்சு. சித்திக்கு எழுதணும்னு நாந்தான் வச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா இல்ல. வீட்ல இருந்தது நீ மட்டுந்தான்."

ஐம்பத்தாறு ஆண்டு. வாழ்நாளில் முதன்முறையாக எனக்கு மிகைப்படுத்த ஒன்றும் அகப்படவில்லை.

"அப்பவே ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

அக்கா புளியைப் பானையில் அமுக்கி, உப்புப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இப்பக் கேக்குதேன். என் பேரைப் போடச் சொல்லு. முழுசா."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கடிதம் கேட்ட கடைசி நாள். எழிலரசிக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். முதலில் சிரித்தார். அணில் போல இதுவும் என்று நினைத்துவிட்டார். சும்மாவா, நானே வளர்த்த கீர்த்தி.

"சார், அக்கா மேல உள்ள பாசத்துல சொல்றீங்க. எனக்குப் புரியுது. ஆனா உங்க கார்டு என் கையில இருக்கே?"

"அந்தக் கார்டு பொய்."

"இதுவரைக்கும் அம்மா எங்கேயும் சொன்னதில்லையே சார். ரெண்டாயிரம் பிரதி கட்டி வச்சாச்சு." பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "ஒண்ணு செய்வோம். அடுத்த பதிப்புல, படத்துல இருக்கிற மாதிரியே 'ச. ஆவுடை'ன்னு போட்டுருவோம். ரெண்டு பேருக்கும் பொது. யாருக்கும் சங்கடம் இல்ல."

நல்ல ஏற்பாடு. ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் கையைப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன்.

"அம்மணி, அந்தப் பொதுவுக்குள்ளேதான் ஐம்பத்தாறு வருஷம் ஒளிந்திருந்தேன். 'அம்மாள்' இல்லாமல் ஒரு பிரதி வெளியே போனால், விழா மேடையில் நானே நின்று கார்டு கதையைச் சொல்வேன். கூட அந்தப் பதினொரு அணிலையும் கூட்டி வருவேன்."

"உங்ககிட்ட ஆதாரம் என்ன சார்?"

"சுண்ணாம்பு" என்றேன். "படங்களோடு வாருங்கள்."

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எழிலரசி காரில் வந்தார். பதினாறு படத்தையும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவரைப் பிடித்துப்போயிற்று எனக்கு. படத்தை டிக்கியில் போடவில்லை.

வடிவு வெற்றிலைக் கடையிலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்தாள். அக்கா குளித்து வெள்ளைச் சேலை கட்டி, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். சுண்ணாம்பைக் கிண்ணத்தில் கரைத்துத் தெளியவிட்டாள். தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றினாள்.

"அம்மா, அது ஒரிஜினல்" என்றார் எழிலரசி.

"தெரியும் தாயி. நான் போட்டதுதான." அச்சேறாத கடைசிப் படத்தைத் தேடி எடுத்தாள். "இது உங்க தாத்தா வேண்டாம்னு தள்ளினது. இதுல வைக்கேன். மத்ததுல கை வைக்க மாட்டேன்."

பதினாறாவது படம். பூசணி உடைந்து கிடக்கிறது. ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு அழுகிறார். அக்கா சட்டையின் கைமடிப்பில், அரிசி அளவு இடத்தில், பஞ்சை ஒற்றினாள்.

மஞ்சள் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது. பிறகு அந்த அரிசி அளவு இடம் ஆரஞ்சு ஆனது, செங்கல் ஆனது, ஆரத்தித் தட்டுச் சிவப்பு ஆனது.

எழிலரசி குனிந்தார். பழைய புத்தகத்தைத் திறந்து அச்சுப் படத்தை அதன் பக்கத்தில் வைத்தார். அதே சிவப்பு.

"வண்ணத்தில மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்திருக்குன்னு போட்டவங்களைத் தவிர யாருக்கும் தெரியாதும்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அணில் வால் முடின்னு சொன்னீங்களே சார்?"

"அணில் இருந்தது. வால் இருந்தது. வரைந்தது அக்கா."

"பிரஷ் கடையில வாங்கினது" என்றாள் அக்கா. "அணிலைப் பாத்தா இவன் கட்டில் மேல ஏறிக்குவான்."

எழிலரசி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ராஜாவின் இடது கன்னத்தையும் என் இடது கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் மிளகு அளவு மச்சம். அச்சில் அது விழவே இல்லை.

"சார், ராஜா நீங்கதானா?"

"அப்ப நல்லா உருண்டையா இருப்பான்" என்றாள் அக்கா. "மடியில பூசணிக்காயை வச்சு உக்கார வைப்பேன். அசையாம இருந்தா ஒரு கடலை மிட்டாய்."

இந்த டைரியில் நான் எழுதாமல் விட்ட விஷயங்களில் இது ஒன்றுதான் எனக்குப் பெருமை தருவது. மறந்தே போயிருந்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

செண்பகராமன் வந்தான். செய்தி அவனுக்கு எட்டிவிட்டது.

"சார், எங்களுக்கு நீங்கதான் ஓவியர். மேடையில ஒண்ணும் பேச வேண்டாம். மாலையை வாங்கிட்டு உக்காருங்க, போதும். பள்ளிக்கூடம் பேரு கெடக் கூடாதுல்ல?"

"ஏலே செண்பகம், நான் உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன்?"

"மாம்பழம் சார்."

"அது என்னுடையது. அதை எவனும் பறிக்க முடியாது. மற்றதை எடுத்து வந்து மேடையில் திருப்பிக் கொடுப்பேன். தடுத்தால் உன் சங்கத்து மைக்கை இந்த மோட்டாரில் மாட்டிவிடுவேன்."

மோட்டார் இன்னும் காற்றைத்தான் இழுக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

மண்டபத்தில் நாற்பதாயிரம் பேர். வடிவு எண்ணிப் பார்த்து இருநூற்றுப் பத்து என்றாள்.

மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு மைக்கின் முன் நின்றேன். மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். சீசர், பாண்டியன், ஹிரோஷிமா எல்லாம் அதில் வந்தார்கள். வாசிக்கவில்லை.

"இந்தப் படங்களை என் அக்கா ஆவுடையம்மாள் வரைந்தாள். நான் பதினாறு வயதில் ஒரு கார்டில் அதைத் திருடினேன். அதை வைத்து இந்தப் பள்ளியில் வேலை வாங்கினேன். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மாம்பழம் மட்டும் நான் போட்டது."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். முன்வரிசையில் ஒருவன் எழுந்து வெளியே போனான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். போகட்டும், கதவு பெரியது. மாலையை எடுத்துப்போய் முதல் வரிசையில் அக்கா கழுத்தில் போட்டேன். எழிலரசி எழுந்து நின்றார். அவர் நின்றதும் மற்றவர்கள் நின்றார்கள். செண்பகராமன் கடைசியாக நின்றான், ஆனால் கை தட்டியதில் அவன்தான் சத்தம்.

அக்கா மைக்கில் பேச மறுத்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "மாலை கனமா இருக்கு, கழட்டட்டுமா?"

செப்டம்பர் 6, வெள்ளி

மதுரை. கட்டி வைத்த இரண்டாயிரம் பிரதிக்கும் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும். ஆள் வைக்கிறேன் என்றார் எழிலரசி. கூடாது என்று பசைச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். என் பெயரின் மேல் நானே ஒட்டுவேன். மூன்று நாள். விரலெல்லாம் மைதா மாவு. உலக வரலாற்றில் தன்னைத் தானே இரண்டாயிரம் முறை அடக்கம் செய்த மன்னன் நான் ஒருவன்தான்.

சீட்டில் என்ன அச்சிட வேண்டும் என்று அக்காவிடம்தான் கேட்டார்கள். அவள் போனில் இரண்டு வரி சொன்னாள். அச்சாகி வந்த பிறகுதான் நான் பார்த்தேன்.

படங்கள்: ச. ஆவுடையம்மாள்
ராஜா: ச. ஆவுடையப்பன்

இரண்டாவது வரி எதற்கு என்று போனில் சண்டை போட்டேன். "இருந்தது இருந்தபடி போடணும்ல" என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மோட்டார் சரியாகிவிட்டது. உறிஞ்சு குழாயில் அணில் கடித்த ஓட்டை. நான் இதை இட்டுக்கட்டவில்லை, வடிவு சாட்சி.

காலையில் அக்கா சந்தையிலிருந்து பூசணிக்காய் வாங்கி வந்தாள். சாம்பார் என்று நினைத்தேன். வடிவு வாங்கிக் கொடுத்த புது வண்ணப்பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது. பக்கத்தில் மஞ்சள், சுண்ணாம்பு.

"பெட்டியில சிவப்பு இருக்கேக்கா?"

"இருக்கட்டும். உக்காருல."

"எனக்கு எழுபத்திரண்டு வயசு."

"எனக்கு எழுபத்தஞ்சு. மூஞ்சைத் திருப்பு. மச்சம் தெரியணும்."

பூசணி ஐந்து கிலோ இருக்கும். ஐம்பது என்று எழுத நினைத்தேன், வேண்டாம். ஒன்றேகால் மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போயிற்று. மூக்கில் ஈ உட்கார்ந்தது, அதையும் விட்டுவிட்டேன். முடித்ததும் கையை நீட்டினேன்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறதென்று வடிவு கத்தினாள். அக்கா கடலை மிட்டாயை உடைத்து, பாதியை என் கையில் வைத்தாள்.